மலைநாட்டில் விமானம் கட்ட என்ன மரம் வாங்குவது?

ஹட்டனில் மோட்டார் சைக்கிள் கராஜ் வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “பியட்டன்போல் எயார் கேம்பர் விமானத்தின் வரைபடங்களை வாங்கிவிட்டேன். அதில் ஸ்ப்ரூஸ் மரம் என்று போட்டிருக்கிறது. இங்கே மரக்காலையில் பைனஸ் தாராளமாகக் கிடைக்கிறது. தேக்கும் மஹோகனியும் இருக்கின்றன. அப்பா தோட்டத்தில் ஆசாரி, அவரும் கூட நிற்கிறேன் என்கிறார். இந்த மரங்களில் ஒன்றைப் போடலாமா? முடியாது என்றால் ஸ்ப்ரூஸை எப்படிப் பார்த்து வாங்குவது?”

தம்பி, நான் பண்டாரவளைக்காரன். இங்கிலாந்தில் பழைய மரக் கிளைடர்களைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் ஒன்பது வருடம் வேலை செய்தேன். அங்கே என் கையால் வைத்து ஒட்டிய மரத்தைவிட, வேண்டாம் என்று ஒதுக்கிப்போட்ட மரம்தான் அதிகம். உங்கள் கேள்வியைப் படித்ததும் சந்தோஷமாக இருந்தது, கூடவே கொஞ்சம் பயமும் வந்தது. அதனால் சுருக்கிச் சொல்லாமல் விரிவாகவே எழுதுகிறேன்.

நேரான பதில் இதுதான். சிறகின் ஸ்பார் (சிறகின் நீளத்துக்கு ஓடி அதன் பாரத்தைத் தாங்கும் முதுகெலும்புச் சட்டம்), உடற்பகுதியின் நீளச் சட்டங்கள், இரும்புத் தகடு போல்ட் போட்டு மாட்டும் இடங்கள், இவற்றுக்கு நம் ஊர் பைனஸ் வேண்டாம். தேக்கும் மஹோகனியும் வேண்டாம். சிட்கா ஸ்ப்ரூஸ் அல்லது டக்ளஸ் ஃபர் வெளிநாட்டிலிருந்து எடுப்பியுங்கள். ஆனால் அதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்ப்ரூஸ் என்று சீட்டு ஒட்டி வரும் கட்டுக்குள்ளேயும் பறக்கத் தகாத பலகை இருக்கும். வரும் ஒவ்வொரு கம்பையும் நீங்களே நிறுத்து, வெளிச்சத்தில் பார்த்து, ஓரத்துண்டை முறித்துப் பார்த்த பிறகுதான் அது விமான மரம்.

பெர்னார்ட் பியட்டன்போல் என்பவர் 1920களின் இறுதியில் மினசோட்டாவின் செர்ரி குரோவ் என்ற சின்ன ஊரில், ஃபோர்ட் மொடல் ஏ கார் எஞ்சினை வைத்துக் கட்டிய விமானம் உங்களுடையது. ‘அவரே பக்கத்து மரக்கடையில்தான் வாங்கினார்’ என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். சரி, வாங்கினார். ஆனால் அந்தக் காலத்து அமெரிக்க மரக்கடையில் கிடைத்தது காட்டில் நூறு இருநூறு வருடம் நின்று மெதுவாக வளர்ந்த ஊசியிலை மரம். நம் மரக்காலையில் அடுக்கியிருப்பது அந்தச் சரக்கு அல்ல.

ஏன் ஸ்ப்ரூஸ் என்றால், எடைக்கு ஏற்ற பலம். இதைவிடப் பலமான மரங்கள் நிறைய உண்டு, நம் பாலை மரமே போதும். அவ்வளவு எடையைத் தூக்கிக்கொண்டு விமானம் எழும்பாது என்பதுதான் விஷயம். உலர்ந்த சிட்கா ஸ்ப்ரூஸ் ஒரு கன அடி ஏறக்குறைய 27 இறாத்தல். டக்ளஸ் ஃபர் 33 அளவில் வரும். தேக்கு 40ஐத் தாண்டும். உங்கள் ஸ்பார் 1 அங்குலத் தடிப்பு, 4¾ அங்குல உயரம். நீளம் 14 அடி என்று வைத்துக்கொண்டு கணக்குப் பாருங்கள். ஸ்ப்ரூஸில் ஒரு ஸ்பார் பன்னிரண்டரை இறாத்தல், டக்ளஸ் ஃபரில் பதினைந்து, தேக்கில் பத்தொன்பது. நான்கு ஸ்பாருக்கு மட்டும் தேக்கால் ஏறும் கூடுதல் எடை 26 இறாத்தல். இதே கணக்கு உடற்பகுதி, வால் என்று போய்க்கொண்டே இருக்கும். உங்கள் ஊர் கடல்மட்டத்திலிருந்து நாலாயிரம் அடிக்கு மேலே இருக்கிறது, காற்று மெலிந்தது. சின்ன எஞ்சின் ஏற்கனவே மூச்சு வாங்கும் இடம் அது.

தேக்கில் இன்னொரு சிக்கல் எண்ணெய்ப் பிடிப்பு. ஒட்டும் பசை சரியாகப் பிடிக்காது. மஹோகனி ப்ரொப்பெல்லருக்கு நல்ல மரம், பழைய காலத்தில் நிறையச் செய்திருக்கிறார்கள். ஆனால் நம் ஊர் மஹோகனியில் நார் அடுக்கடுக்காக எதிரெதிர்த் திசையில் சாயும், இழைப்புளி பிடிக்கும்போதே அப்பாவுக்குத் தெரியும். கிரவிலியா, டர்பன்டைன், அல்பீசியா எல்லாவற்றையும் ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன்: விமானத்துக்கென்று பலம் அளந்து எழுதிவைத்த கணக்கு அவற்றுக்கு இல்லை, ஆகவே வேண்டாம்.

பைனஸைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் ஆசை வருவது அதில்தான். பார்க்க வெள்ளையாக, நேராக, ஸ்ப்ரூஸின் தம்பி மாதிரி இருக்கும். ஹந்தானையில், பதுளைப் பக்கம், எங்கள் பண்டாரவளை மலைகளில் வன இலாகா நட்ட மரம் பெரும்பாலும் கரீபியன் பைன். நம் சூட்டிலும் மழையிலும் மளமளவென்று வளர்ந்துவிடும். விமான மரத்துக்கு வெட்டுமுகத்தில் ஓர் அங்குலத்துக்குக் குறைந்தது ஆறு வளர்ச்சி வளையமாவது இருக்க வேண்டும் என்பது விதி. வெலிமடைப் பக்கத்து மரக்காலை ஒன்றில் நான் எடுத்துப் பார்த்த பலகையில் மூன்றுதான் எண்ண முடிந்தது. அதுவும் பிசின் எடுத்த மரம் என்றால் கோந்து ஊறிப்போய்க் கனத்திருக்கும், பசையும் பிடிக்காது.

அதைவிட மோசமானது சரிவு. மலைச்சரிவில் முளைத்த பைனஸின் அடிமரத்தைப் பாருங்கள். முதலில் வெளியே சாய்ந்து, பிறகு வளைந்து மேலே நிமிர்ந்திருக்கும். நிமிர்வதற்காக ஊசியிலை மரங்கள் தாழ்ந்த பக்கத்தில் ஒரு தனிவகை மரத்தை வளர்க்கும். கம்ப்ரெஷன் வுட் என்பார்கள். வெட்டுமுகத்தில் நடுப்புள்ளி ஓரமாக ஒதுங்கியிருக்கும், ஒரு பக்க வளையங்கள் அகன்று செம்பழுப்பாக இருக்கும். சாதாரண மரம் காயும்போது குறுக்கில்தான் சுருங்கும், நீளத்தில் கிட்டத்தட்டச் சுருங்காது. இந்த மரம் நீளத்திலும் சுருங்கும். அதே மரக்காலையில் ஒரு பன்னிரண்டு அடிப் பலகையை நடுவால் அரியச் சொல்லி நின்று பார்த்தேன். வாள் பாதி போவதற்குள் இரண்டு பாதியும் வாளை இறுக்கிப் பிடித்தன. ஆப்பு அடித்து ஒருவழியாக அரிந்து முடித்தபோது ஒரு பாதி வில் மாதிரி வளைந்து கிடந்தது. அதை வலுக்கட்டாயமாக நிமிர்த்தி ஒட்டி, துணி போர்த்தி, அதன்மேல் ஏறி உட்கார்ந்து பறக்கிற நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

சரி, இனி ஸ்ப்ரூஸ் பலகை கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எப்படிப் பார்ப்பது?

முனையிலிருந்து ஆரம்பியுங்கள். ஸ்பார் மரத்தின் வெட்டுமுகத்தில் வளையக் கோடுகள் அகன்ற முகத்துக்குக் குறுக்காக, ஏணிப்படி போல அடுக்காகத் தெரிய வேண்டும். சாய்ந்தாலும் 45 பாகைக்குக் கீழே போகக்கூடாது. இப்படி அரிந்த மரம் ஈரத்தில் ஏறி இறங்குவது குறைவு. ஈரம் 18 வீதத்திலிருந்து 10க்கு இறங்கினால், உங்கள் 4¾ அங்குல ஸ்பார் உயரத்தில் ஏறக்குறைய 1.4 மில்லிமீற்றர் சுருங்கும். வளையம் படுத்த வாக்கில் அரிந்த பலகை என்றால் அதே இடத்தில் 2.4.

அப்புறம் நார் ஓட்டம். பதினைந்து அங்குல நீளத்தில் நார் ஓர் அங்குலத்துக்கு மேல் விலகக்கூடாது. இதை வெறும் சம்பிரதாயம் என்று நினைக்காதீர்கள். நேரான நாரின் வளையும் பலம் நூறு என்றால், 15க்கு 1 சாய்வில் அது 89. 10க்கு 1இல் 81. 5க்கு 1இல் 55தான் மிஞ்சும். திடீர் அடியைத் தாங்கும் பலம் இன்னும் வேகமாக விழும், 10க்கு 1 சாய்விலேயே 62. தரையில் ஒரு முரட்டு இறக்கம் தருவது அந்த அடியைத்தான்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பலகையின் முகத்தில் தெரியும் வளையக் கோடுகள் நேராக இருந்தால் நாரும் நேர் என்று பலர் முடிவுசெய்துவிடுகிறார்கள். மரம் தன்னைத்தானே முறுக்கிக்கொண்டு வளர்ந்திருந்தால், கோடு நேராக இருக்கும்போதே நார் சாய்ந்து ஓடும். அதைப் பிடிக்க மை ஊற்றும் பழைய பேனா ஒன்று போதும். வளையம் படுத்துத் தெரியும் முகத்தை, ஸ்பாரில் அது ஒடுங்கிய முகம், இழைத்துச் சுத்தமாக்கி ஒரு சொட்டு மை வையுங்கள். மை நாரின் வழியே மயிரிழைபோல இழுபட்டு ஓடும். அந்தக் கோடு பலகை விளிம்போடு சேர்ந்து போகிறதா, விலகுகிறதா என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். இரண்டடிக்கு ஒரு சொட்டு. கூடவே முனையில் ஒரு சின்னத் துண்டை உளியால் பிளந்தும் பாருங்கள். பிளவு பொய் சொல்லாது.

அடுத்தது எனக்கு இன்றைக்கும் உள்ளங்கை வியர்க்கும் விஷயம். பட்டறைக்கு வந்த புதிதில் பதினாறு அடி ஸ்ப்ரூஸ் பலகை ஒன்றை நான் நல்லது என்று தேர்ந்து வைத்தேன். கணு கிடையாது, நார் நேர், சான்றிதழும் கூட வந்திருந்தது. மூத்த தச்சர் வந்து விளக்கை அணைக்கச் சொன்னார். டார்ச்சை எடுத்துப் பலகையின் ஒரு முனையில் கிடத்தி, வெளிச்சம் முகத்தை உரசிக்கொண்டு ஓடும்படி வைத்தார். ஆறாவது அடியில், நாருக்குக் குறுக்காக ஒரு மெல்லிய கோடு. இஸ்திரி போட்ட சாரத்தில் விழுந்த மடிப்பு மாதிரி, அவ்வளவுதான். அந்த இடத்தில் ஒரு விரல் தடிப்புக் கீற்றை அரிந்து என் கையில் கொடுத்தார். இரண்டு கைவிரலால் லேசாக வளைத்தேன். சத்தமே இல்லாமல் அந்தக் கோட்டிலேயே முறிந்தது. புயலில் வளைந்தபோதோ, வெட்டி விழுத்தியபோது இன்னொரு மரத்தின்மேல் விழுந்தோ, உள்ளே நார்கள் நசுங்கியிருக்கின்றன. அனுப்பிய கடைக்காரரும் பார்க்கவில்லை, தரம் பார்த்துக் கையெழுத்துப் போட்டவரும் பார்க்கவில்லை. அந்தக் கீற்றின் ஒரு பாதியை நான் இன்னும் மேசை லாச்சிக்குள் வைத்திருக்கிறேன்.

டார்ச் வேலையை இரவில் செய்யுங்கள். நான்கு முகமும், இரண்டு பக்கமிருந்தும்.

முறித்துப் பார்ப்பது எளிது. அரை அங்குலச் சதுரக் கம்பாக ஓரத்துண்டு ஒன்றை இழைத்து, வைஸில் பிடித்து முறியுங்கள். நல்ல மரம் லேசில் விடாது. நார் நாராகக் கிழிந்து, நீளச் சிம்புகள் விட்டுத்தான் பிரியும். நுவரெலியா கரட்டை முறித்த மாதிரி ‘டக்’ என்று மொட்டையாக முறிந்தால் அந்தப் பலகை முழுவதையும் ஒதுக்குங்கள். வெயிட் பார்க்கும்போதே இதற்கு முன்னறிவிப்பு கிடைக்கும், அளவுக்கு மீறி லேசாக இருக்கும் பலகை பெரும்பாலும் இப்படித்தான் முறியும்.

கணு, பிசின் பை, வெடிப்பு, நிறமாற்றம் ஆகியவற்றில் எது எவ்வளவு அனுமதி என்பதை அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏவின் ஏசி 43.13-1பி கையேட்டில் முதல் அத்தியாயத்திலேயே எழுதியிருக்கிறார்கள். இலவசமாகக் கிடைக்கும். ஸ்ப்ரூஸுக்குப் பதிலாக எந்த மரம் போடலாம் என்ற பட்டியலும் அதில் உண்டு. அச்செடுத்து அப்பாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

இனி ஈரப்பதம். நம் மலைநாட்டுக்காரனுக்கு மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் பெரிய சோதனை.

தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்த யாரையும் கேளுங்கள். டிரையரில் இருந்து மூன்று வீத ஈரத்தில் இறங்கிய தூளை ஜூலை மழையில் திறந்துவைத்தால் என்ன ஆகும்? மரமும் அப்படித்தான். காற்றில் ஈரம் 65 வீதம் என்றால் மரம் 12 வீதத்தில் வந்து நிற்கும். காற்று 80 என்றால் மரம் 16. காற்று 90 என்றால் 20ஐ எட்டும். விமானம் கட்டும்போது மரம் 8 முதல் 12க்குள் இருக்க வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டனிலோ கினிகத்தேனையிலோ திறந்த கொட்டகையில் மரம் வைத்தால் அந்த எண் உங்கள் கைக்கு எட்டாது. மரம் ஈரமானால் பலம் குறையும், ஈரமாக இருக்கும்போது ஒட்டிய இணைப்பு பிறகு காயும்போது இழுபடும், நீண்ட நாள் 20க்கு மேல் இருந்தால் உளுத்தலும் தொடங்கும்.

பட்டிப்பொலைச் சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் மழை, அந்தப் பக்கம் வெயில் என்று ரயிலில் போகும்போதெல்லாம் சொல்வோமே, அது உங்களுக்குப் பெரிய உதவி. ஹட்டன் நனையும் அதே ஜூன், ஜூலையில் எங்கள் ஊவாப் பக்கம் கச்சான் காற்று அடித்துக் காய்ந்து கிடக்கும். பண்டாரவளையிலோ வெலிமடையிலோ சொந்தக்காரர் வீடு இருந்தால் மரத்தை அங்கே இறக்குங்கள். இல்லையென்றால் ஹட்டனிலேயே ஒரு சின்ன அறையை அடைத்து, உள்ளே சூடு கொடுக்கும் பழைய வகை பல்ப் இரண்டு எரியவிட்டு, சுவரில் ஒரு ஈரமானி மாட்டுங்கள். 50க்கும் 60க்கும் இடையில் முள் நின்றால் போதும். பலகையைச் சிமெந்துத் தரையில் வைக்காமல் இரண்டடிக்கு ஒரு ரீப்பர் கொடுத்து அடுக்குங்கள். முனைகளுக்கு மெழுகோ பெயின்ற்றோ பூசுங்கள், ஈரம் ஓடுவது முனை வழியாகத்தான். கரையானுக்கு ஒரு கண் வைத்திருங்கள்.

மரத்தின் ஈரம் பார்க்க, குத்தி அளக்கும் ஊசிக்கருவி நல்லதுதான். ஆனால் அதைச் சரிபார்க்க அடுப்பு முறை ஒன்றை ஒருதரமாவது செய்யுங்கள். பலகை முனையிலிருந்து ஓரடி தள்ளி ஓர் அங்குலத் துண்டு வெட்டி, நகைக்கடைத் தராசில் நிறுங்கள். பிறகு 103 பாகை செல்சியஸில் ஒவனில் வைத்து, எடை குறைவது நிற்கும்வரை எடுத்து எடுத்து நிறுங்கள். நான் கடைசியாகச் செய்த துண்டு 46.8 கிராமில் தொடங்கி 40.2இல் நின்றது. வித்தியாசம் 6.6. அதைக் காய்ந்த எடையால் வகுத்தால் 16.4 வீதம். கடைச்சீட்டில் 12 என்றுதான் போட்டிருந்தது. கப்பலிலும் கொழும்பிலும் இருந்த நாட்களில் ஏறிய ஈரம் அது. அதன் பிறகு ஒரு பலகையை மட்டும் அடையாளம் வைத்து, ஞாயிறுதோறும் நிறுத்துக் கலண்டரில் எழுதினேன். எடை அசையாமல் நிற்க ஐந்து வாரம் எடுத்தது. அதுவரை வாள் வைக்கவில்லை.

பசையைப் பற்றி இங்கே அதிகம் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: ரிசோர்சினோல் பசை 21 பாகைக்குக் கீழே ஒழுங்காக இறுகாது, நம் இரவுகள் அதற்குக் கீழேதான். டி-88 போன்ற எப்பொக்சி குளிரைத் தாங்கும். 1944இன் இறுதியில் இந்தியாவில் இருந்த மொஸ்கிட்டோ மர விமானங்களில் சிறகு விட்டுப்போய் உயிர்கள் போனபோது, அங்கே போய் ஆராய்ந்தவர்கள் தேடியதும் ஒட்டு இணைப்புகளையும் ஈரத்தையும்தான். நம் பக்கத்துப் பருவமழை அது.

வாங்கும் விஷயத்துக்கு வருவோம். காசு கொடுப்பதற்கு முன்னால் சிவில் விமான சேவைகள் அதிகார சபையிடம் போய், வீட்டில் கட்டும் விமானத்துக்கு என்ன அனுமதி, யார் எந்தக் கட்டத்தில் பரிசோதிப்பார் என்று எழுத்தில் கேளுங்கள். துணி போர்த்திய பிறகு மரத்தை யாருக்கும் காட்ட முடியாது. விவசாயத் திணைக்களத்தின் தாவரத் தடுப்புக்காப்புப் பிரிவிலும் மரம் இறக்க என்ன பத்திரம் வேண்டும் என்று விசாரியுங்கள். அனுப்பும் நாட்டின் தாவர சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் ஓர்டர் கொடுக்க வேண்டாம்.

விமான மரம் விற்பதற்கென்றே அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கடைகள் இருக்கின்றன. போர்ட் அடிக் கணக்கில் விலை சொல்வார்கள். ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓர் அங்குலத் தடிப்பு ஒரு போர்ட் அடி, நம் கன அடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு. கேட்கும்போது ‘ஸ்ப்ரூஸ் வேண்டும்’ என்று மட்டும் எழுதாதீர்கள். ஸ்பார் தரம், சூளையில் உலர்த்தியது, நார்ச் சாய்வு 15க்கு 1, அங்குலத்துக்கு ஆறு வளையத்துக்குக் குறையாமல், முடிவு அளவு இன்னது என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். இரண்டு முனையின் படமும் கேளுங்கள். ஸ்பாருக்கு வேண்டிய மரத்தை வெட்டி இழைத்தே தரும்படி வாங்குவது விலை கூட. ஆனாலும் இவ்வளவு தூரம் கப்பலில் வரும் சரக்கில் கழிவுக்கும் நாம்தானே கூலி கட்டுகிறோம்? முரட்டுப் பலகையாக எடுத்தால் மூன்றில் ஒரு பங்கு கழியும் என்று கணக்கு வையுங்கள், என் அனுபவம் அதுதான்.

14 அடி நீளம் அனுப்ப முடியாது என்று கப்பல்காரர் சொன்னால் மனம் உடைய வேண்டாம். மெல்லிய பலகைகளை ஒட்டி ஸ்பார் கட்டலாம், 12க்கு 1 சாய்வில் சீவி இணைக்கவும் விதி இருக்கிறது. எந்த இடத்தில் இணைப்பு வரக்கூடாது என்பது அதே கையேட்டில் படத்தோடு உண்டு.

ப்ளைவுட்டில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். விமானத் தரப் பர்ச் ப்ளைவுட் வாங்குங்கள். ஹார்ட்வெயார் கடையில் ‘வோட்டர் ப்ரூஃப்’ என்று தருவதில் ஒரு துண்டை மூன்று மணி நேரம் கொதிக்கவைத்துப் பாருங்கள், பாதி நேரத்திலேயே இதழ் இதழாகப் பிரிவதை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் ஊர் மரத்துக்கும் வேலை இருக்கிறது. ரிப் (சிறகுக்கு வடிவம் கொடுக்கும் விலாச் சட்டம்) ஒட்டும் அச்சு, உடற்பகுதியைக் கட்டும் மேசை, பலகை தாங்கும் கால்கள் எல்லாம் பைனஸிலும் அல்பீசியாவிலும் செய்யுங்கள். முதல் மூன்று ரிப்பைப் பைனஸிலேயே ஒட்டி, மணல் மூட்டை ஏற்றி முறித்துப் பாருங்கள். எங்கே முறிகிறது, பசையிலா மரத்திலா என்று பார்க்கும்போது உங்கள் கை எவ்வளவு பழகியிருக்கிறது என்பது தெரியும். இன்ஸ்ட்ருமென்ட் பலகைக்கு அந்த மஹோகனி அழகாக இருக்கும்.

முழு விமானத்துக்கும் ஒரேயடியாக ஓர்டர் கொடுக்காதீர்கள். ஸ்பார் மரத்தை மட்டும் முதலில் எடுப்பியுங்கள், நான்கு வேண்டிய இடத்தில் ஐந்து. பெட்டி ஹட்டனுக்கு வந்து சேரும் வாரம் எனக்கு ஒரு வரி போடுங்கள். காலை ரயிலில் டார்ச்சும் மைப்பேனாவும் எடுத்துக்கொண்டு வருகிறேன். அப்பாவை இழைப்புளியைத் தீட்டிவைக்கச் சொல்லுங்கள்.